மோட்டுவளையைப் பார்க்கிற மனிதர்

அவள் கையில் கத்தியை எடுத்தால் அவர் தலையைத் தூக்கிவிடுவார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இது ஒரு நாளும் தவறியதில்லை. அவள் வெட்டுவது வெங்காயமாக இருக்கும், பூசணியாக இருக்கும், தலையணை உறையில் தொங்கும் வெறும் நூலாகக்கூட இருக்கும். கத்தியோ பிளேடோ கண்ணில் பட்டதும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டுவளையைப் பார்க்க ஆரம்பிப்பார். சமையலறைக் கூரையில் எந்த மூலையில் காரை பெயர்ந்திருக்கிறது, மழை இறங்கிய கறை போன வருஷத்தைவிட எவ்வளவு பரவியிருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு தடவை வீட்டுச் சொந்தக்காரரிடம் கூரையின் நிலைமையை அவர் விலாவாரியாக எடுத்துச் சொன்னபோது அந்த மனிதர் அசந்துபோய், "நீங்க என்ன, மல்லாந்து படுத்துக்கிட்டேவா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

இத்தனைக்கும் தொழில் கண்ணாடி அறுப்பது. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மேசைக்கு, படச்சட்டத்துக்கு என்று அளவெடுத்து அறுத்துக் கொடுப்பார். கடைத்தெருவில் கண்ணாடிக்காரர் என்றால் அவரைத்தான் சொல்வார்கள். அந்தத் தொழிலில் விரலில் தழும்பு இல்லாதவன் இன்னும் வேலை பழகவில்லை என்று பொருள். அவருக்கு ஒரு தழும்பு கிடையாது. கொளுத்தும் வெயிலிலும் முழங்கை வரை தோல் கையுறை போட்டிருப்பார். மற்றவர்கள் நான்கு கண்ணாடித் தாள் அறுக்கிற நேரத்தில் அவர் இரண்டு அறுப்பார். அந்த இரண்டும் கீறல் இல்லாமல் நிற்கும். முதலாளி வாடிக்கையாளர்களிடம் அவருடைய கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். "பாத்தீங்களா, குழந்தை கை மாதிரி."

அவ்வளவு சுத்தமான கைக்குக் காரணம் திறமை மட்டும் இல்லை. இரத்தத்தைக் கண்டால் அவர் விழுந்துவிடுவார். பயந்து ஓடுவது, கத்துவது என்று எதுவும் இல்லை. ஒரு கொட்டாவி வரும், முகம் சுண்ணாம்பாகும், வேர்க்கும், அப்புறம் மரம் சாய்கிற மாதிரி ஆள் கீழே கிடப்பார்.

கடையில் இது எல்லோருக்கும் ஓசிப் பொழுதுபோக்கு. உடன் வேலை செய்கிறவனுக்குக் குட்டையன் என்று பெயர். ஆள்தான் குட்டை, குறும்பு ஆளைவிட உயரம். படச்சட்டத்துக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, "அண்ணே, வெட்டிக்கிச்சுண்ணே" என்று முன்னால் வந்து நிற்பான். பெயிண்ட் என்று தெரிந்தும் அவர் விழுவார். புதிதாக ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால் அன்றைக்கு இந்தக் காட்சி கட்டாயம் நடக்கும். எந்தப் பக்கம் விழுவார் என்று டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். எழுந்ததும் அவரும் அசட்டுச் சிரிப்போடு அந்த டீயில் ஒன்றை வாங்கிக் குடிப்பார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது வேறொன்று.

கல்யாணமான மறுவருஷம் அவளுக்குப் பிரசவ வலி கண்டது. சின்ன ஆஸ்பத்திரி. பிரசவ அறையில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், அவ்வளவுதான். துண்டு கொண்டுவரச் சொல்லி நர்ஸ் குரல் கொடுக்க, வெளியே நின்ற இவர் துண்டோடு கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பார்வை பார்த்தார். நெற்றி கட்டிலின் இரும்புக் காலில் மோத, அப்படியே சாய்ந்தார். நர்ஸ் அவளுடைய கையை உதறிவிட்டு அவரைத் தூக்கப் போனாள்.

குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பெண் குழந்தை. விளக்கு வைக்கிற நேரம் வரை உயிர் இருந்தது. நர்ஸ் பக்கத்திலேயே இருந்திருந்தாலும் இதே முடிவுதான் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அதை அவள் பாதி நம்பினாள். அந்தச் சாயங்காலம் முழுக்கக் குழந்தை அவள் பக்கத்தில் கிடந்தது. அவர் இரண்டு அறை தள்ளி, நெற்றியில் தையலோடு படுத்திருந்தார். எழுந்து நடக்க முடிந்த பிறகும், அந்த அறைக்குள் தன்னால் வர முடியாது என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். மற்ற காரியங்களை அவளுடைய தம்பியும் நாலு பேரும் முடித்துவிட்டார்கள். குழந்தையின் முகத்தை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

பரவாயில்லை, பார்க்கவில்லை. கேட்டிருக்கலாம் அல்லவா? யார் மாதிரி இருந்தாள் என்று ஒரு வார்த்தை. அந்த முகத்தை இந்த உலகத்தில் சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து நடந்து அவளுக்குத் தோள் இற்றுப்போயிருந்தது. அவராகக் கேட்டால் சொல்லலாம், பாதி பாரம் அவர் பக்கம் போகும் என்று காத்திருந்தாள். ஒரே தடவை தானாகப் பேச்சை எடுத்துப் பார்த்தாள். அவர் கண்ணாடி அறுக்கிற கட்டரை எண்ணெயில் தோய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை கோடு போட்ட இடத்துல திரும்பக் கட்டரை ஓட்டக் கூடாதும்மா," என்றார். "கட்டரும் வீணாகும், கண்ணாடியும் கோணலா உடையும்."

"நான் என்ன உங்க கடைக் கண்ணாடியா?"

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். கையில் கத்திகூட இல்லை.

அவளுடைய தம்பி வேன் ஓட்டுகிறவன். வாய் ஓயாத பையன். நாலு சொந்தக்காரர் கூடினால் இந்தக் கதையை அவிழ்த்துவிடுவான். மாமா துண்டோடு உள்ளே போனது, கொட்டாவி விட்டது, கட்டில் காலில் இடித்துக்கொண்டது எல்லாவற்றையும் நடித்தே காட்டுவான். "பிரசவம் அக்காவுக்கு, தையல் மாமாவுக்கு" என்று முடிப்பான். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பல வருஷம் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. அதில் குழந்தை வராது. வந்தால் சிரிக்க முடியாதே.

அதற்கப்புறம் அந்தப் பயம் ஒண்டிக்குடித்தனமாக வந்து ஒவ்வொரு அறையாகப் பிடித்த கதைதான். முதலில் ஈர இரத்தம் மட்டும் ஆகாது என்றிருந்தது. பிறகு கறிக்கடை இருக்கிற தெரு ஆகாது, சுற்றிக்கொண்டு போவார். பிறகு ஆஸ்பத்திரி இருக்கிற சாலையே ஆகாது, பஸ்ஸை மாற்றினார். மருந்து வாடை ஆகாது. மாதத்தில் அவளுக்கு விலக்கான நாட்களில் கடைக்குக் காவல் என்று சொல்லி அங்கேயே படுத்தார். கொஞ்ச காலத்தில் மாதம் முழுக்கக் கடைக்குக் காவல் தேவைப்பட்டது. இன்னொரு பிரசவத்துக்கு வழியே இல்லாமல் பார்த்துக்கொண்டார் என்பது அவளுக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை. ஒவ்வொரு தடவை தப்பித்து வரும்போதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதியைத் தின்றுதான் பயம் கொழுத்தது.

சீருடை தைக்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. நாற்பத்திரண்டு வயதில் கால் வீங்கியது, முகம் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நீளமான ஹாலில் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மெஷின். கையில் இரண்டு ஊசி குத்தி, கண்ணாடி மாதிரித் தெளிவான டியூப் வழியாக இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே விடுவார்கள். நாலு மணி நேரம். ஒவ்வொருத்தர் பக்கத்திலும் கணவனோ மகளோ உட்கார்ந்து கால் பிடித்துவிடுவார்கள். அவளுக்கு ஒரு காலி நாற்காலி. அவர் எதிர்ச் சாரி டீக்கடையில், ஆஸ்பத்திரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்.

"அக்கா, இதுக்கு நான் ஒரு வழி பண்றேன்," என்றான் தம்பி. "பயத்தை நேருக்கு நேரா ஒரே தடவை காட்டிட்டா தெளிஞ்சிடும். நீச்சல் எப்படிக் கத்துக்கிட்டோம்? பிடிச்சுத் தள்ளினாங்க, கத்துக்கிட்டோம்."

ஒரு நாள் டீக்கடையிலிருந்து அவரைத் தோளோடு அணைத்து இழுத்து வந்து, ஹாலின் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டி நிறுத்தினான். ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டான், மறு கையால் செல்போனில் படம் எடுத்தான். "நல்லா பாருங்க மாமா. கண்ணை மூடினா விடமாட்டேன்." அவர் விழுந்தார். விழுந்த இடத்திலேயே வேட்டி நனைந்தது. சாயங்காலத்துக்குள் அது குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் போய்விட்டது.

அடுத்த தடவை மெஷினில் படுத்தபடி அவளும் அதைப் பார்த்தாள். முதலில் லேசாகத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. ஊசி குத்திய கை ஆட, மெஷின் அலாரம் அடித்தது. மெஷினைக் கவனித்துக்கொள்கிற பெண் ஓடிவந்தாள். டெக்னீஷியனுக்குப் படித்தவள், சின்ன வயசு.

"என்னக்கா அப்படிச் சிரிக்கிறீங்க?"

"எங்க வீட்டுக்காரர் வீரத்தைப் பாரு."

அந்தப் பெண் பார்த்தாள். சிரிக்கவில்லை. விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தாள். "விழறதுக்கு முன்னாடி கொட்டாவி விடறார் பாருங்க. நானும் படிக்கிற காலத்துல இப்படியேதான் விழுவேன். அவரை வரச் சொல்லுங்கக்கா. உள்ள வேணாம், வராண்டாவுல."

வராண்டாவில் அவரை உட்காரவைத்து அந்தப் பெண் கேட்டாள். "பயம் வரும்போது என்னண்ணா பண்ணுவீங்க?"

"மூச்சை இழுத்து விடுவேன். உடம்பைத் தளர்த்திக்குவேன். எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

"அதான் விழறீங்க. நாயைக் கண்டு பயம், உயரத்தைக் கண்டு பயம்னா நெஞ்சு அடிச்சுக்கும், பிரஷர் ஏறும். அவங்க தளர்த்தினா அடங்கும். உங்களுக்கு ஏறின பிரஷர் தடால்னு இறங்குது. இறங்கறதைப் போய் நீங்க இன்னும் இறக்கி விடறீங்க. நீங்க தளர்த்தக் கூடாது, இறுக்கணும். கை, கால், தொடை, வயிறு எல்லாத்தையும் முறுக்கிப் பிடிங்க. முகம் சூடாகற வரைக்கும். அப்புறம் சாதாரணமா விடுங்க, தொளதொளன்னு விடாதீங்க. திரும்பப் பிடிங்க."

அவர் அப்படியே செய்தார். காதுமடல் சிவந்தது. "இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதான். ஆனா இறுக்கிக்கிட்டே பாக்கணும். கொஞ்சம் கொஞ்சமா, உங்களால முடியற அளவுக்கு. பாக்காம இருக்கற வரைக்கும் அது வளரும்."

மெஷின் முடிந்து வெளியே வந்து நின்ற அவள் காதில் இது விழுந்தது. இவ்வளவுதான். ஒரு குழந்தை, ஒரு கல்யாணம், இருபது வருஷம், மருந்து இவ்வளவுதான். அவளுக்கு அந்தப் பெண்ணை அறையவேண்டும் போல இருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் பழக ஆரம்பித்தார். பஸ் நிறுத்தத்தில், கடையில், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் இரண்டு முஷ்டியையும் மடக்கி, தொடையை முறுக்கி, முகம் சிவக்க உட்கார்ந்திருப்பார். "அண்ணே, கீரை சாப்பிடுங்க, இளகிக் கொடுக்கும்," என்பான் குட்டையன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து இடம் மாறினார்கள். முதலில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு செல்போனில் ஊசியின் படம். பிறகு ஆஸ்பத்திரி வாசல், வராண்டா, கண்ணாடிக் கதவுக்குப் பத்தடி தூரம், கதவு. நடுவில் இரண்டு தடவை விழுந்தார், எழுந்து முந்தின இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைக் குவித்து, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிற அவரைப் பார்த்துக் கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். அவள் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொள்வாள். குட்டையன் ஒரு நாள் பெயிண்ட் கையோடு வந்து நின்றபோது அவர் விழவில்லை. "மூடியைப் போடு, காய்ஞ்சிடும்," என்றார். பந்தய டீக்கு அன்றைக்கு ஆள் இல்லை.

அவளுக்குச் சோதிக்கவேண்டும் போல இருந்தது. ஒரு ராத்திரி அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தைத்துக்கொண்டிருந்த ஊசியைத் தன் விரல் நுனியில் வேண்டுமென்றே இறக்கி, ஒரு சொட்டு உருண்டு வந்ததும் அவருடைய தட்டுக்கு மேலே நீட்டினாள். அவர் முகம் வெளுத்தது. முஷ்டி இறுகியது. காதுமடல் மெல்லச் சிவந்தது. அந்த விரலை நேராகப் பார்த்தார். பிறகு தன் சட்டை நுனியால் அதைத் துடைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டார். குழந்தை மாதிரிச் சிரித்தார், பாராட்டுக்குக் காத்திருந்தார்.

"அப்ப முடிஞ்சிருக்கு," என்றாள் அவள். "அன்னைக்கும் முடிஞ்சிருக்கும்."

அவர் விரலை விட்டுவிட்டார்.

ஆனாலும் ஹாலுக்குள்ளேயே வந்தார். கட்டிலின் கால் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த மாதம் ஊசி குத்திய கைக்கு அருகே நகர்ந்தார். சிவந்து ஓடுகிற டியூபைப் பார்த்துக்கொண்டே, கால் பிடித்துவிட்டபடி, கண்ணாடி விலை ஏறுவதைப் பற்றியும் முதலாளி மகனின் திமிரைப் பற்றியும் பேசினார். ஊசி குத்துகிற நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார். அதை ஒரு தடவைகூட விடக் கூடாது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அவள் காத்திருந்தாள். இனி என்ன தடை? இந்த மனிதர் எல்லாவற்றையும் பார்க்கப் பழகிவிட்டார், இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார். அவளிடம் நாட்கள் நிறைய இல்லை என்று டாக்டர்கள் ஜாடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்காமலே தான் போய்விட்டால் அந்த முகமும் தன்னோடு போய்விடும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

கடைசியில் அவளே கேட்டாள். "என்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. புரிந்துவிட்டது. காலைப் பிடித்திருந்த கை நின்றது. இரண்டு முழம் தள்ளி அவளுடைய இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க அவரால் முடிந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முஷ்டியை இறுக்கினார், தொடையை முறுக்கினார், காது சிவந்தது. இந்தப் பயத்துக்கு அது உதவவில்லை. மெல்லத் தலையைத் தூக்கி மோட்டுவளையைப் பார்த்தார். அந்தக் கூரையில் கறை இல்லை, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கூரை. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அடுத்த தடவை கேக்கறேன். சத்தியமா."

அடுத்த தடவை ஊசி குத்துகிற நேரத்தில் நாற்காலி காலியாக இருந்தது. ஓடிப்போய்விட்டார் என்று நினைத்தாள். அதுதானே அவர் குணம். மெஷின் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு குட்டையன் உள்ளே வந்தான். சட்டை முழுக்கச் சிவப்பு, இரண்டு கையும் சிவப்பு.

"இங்கயுமாடா உன் பெயிண்ட் விளையாட்டு?" என்றாள்.

அவன் கட்டில் அருகே வந்தான். அப்புறம்தான் வாடை வந்தது.

கடை வேனின் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டியிருந்த பெரிய கண்ணாடித் தாள், கயிறு நழுவி இறங்கியிருக்கிறது. கையில்தான் கையுறை. இறங்கியது தொடையில்.

"நான் பாத்ததும் விழுந்துட்டேன் அண்ணி," என்றான். "பல்லு உடைஞ்சிடுச்சு. எந்திரிச்சுப் பாத்தா அண்ணன் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்கிட்டு, அந்தக் காலையே பாத்துக்கிட்டு. ஆம்புலன்ஸ் வர்றதுக்கு லேட்டாயிடுச்சு. கடைசி வரைக்கும் மயங்கவே இல்ல."

"எதாவது கேட்டாரா?"

"கேட்டாரு."

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மணி என்னன்னு கேட்டாரு. உங்களுக்கு ஊசி குத்தற நேரம் ஆயிடுச்சேன்னு."

எழுந்து போக வழியில்லை. வெளியே எடுத்த இரத்தம் முழுக்க உள்ளே திரும்பினால்தான் ஊசியை எடுக்க முடியும். அந்தப் பெண் மெஷினை நிறுத்தி, இரத்தத்தைத் திருப்பிவிட ஆரம்பித்தாள். அது மெதுவாகத்தான் திரும்பியது. அதுவரைக்கும் அவள் படுத்துக் கிடந்தாள், குட்டையன் சிவப்புக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

இப்போது அந்த நாற்காலியில் தம்பி உட்காருகிறான். அவனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மாமா இறந்த மூன்றாவது வாரம், அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவதாக நினைத்துக்கொண்டு அந்த டெக்னீஷியன் பெண்ணிடம் பழைய கதையை எடுத்தான். துண்டு, கொட்டாவி, கட்டில் கால் எல்லாம் வரிசையாக வந்தன. "பிரசவம் அக்காவுக்கு, தையல் மாமாவுக்கு," என்று முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"குழந்தை?" என்றாள் அந்தப் பெண்.

தம்பி டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனான்.

"சாயங்காலம் வரைக்கும் இருந்தா," என்றாள் அவள்.

அந்தப் பெண் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள். நல்ல பெண். மெதுவாகக் குனிந்து, "யார் மாதிரிக்கா இருந்தா?" என்று கேட்டாள்.

இருபத்தொரு வருஷமாக எந்த வார்த்தைக்குக் காத்திருந்தாளோ, அதே வார்த்தை. சொல்லிவிடலாம். இனி கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? அவள் கையை நீட்டி, ஊசிக்காகப் பஞ்சால் துடைத்து வைத்திருந்த இடத்தைக் காட்டினாள்.

"அதை நீ கேக்கக் கூடாதும்மா," என்றாள். "கேக்கறேன்னு சொன்னவர் ஒருத்தர் இருக்கார். நீ குத்து."